முனிலட்சுமி அக்கா கேட்டு வாங்கின கடல்

முனிலட்சுமி அக்காவோட கை மாதிரி ஒரு கை எங்க லைன்ல யாருக்கும் கிடையாது. ஓசூர்ல காருக்கு வயர் கட்டு செஞ்சு அனுப்புற கம்பெனி எங்களோடது. வயரோட முனையில ஒரு குட்டிப் பித்தளைத் துண்டை வச்சு மெஷின்ல அமுக்கணும். துளி விலகினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். நான் கண்ணைப் பிதுக்கிக்கிட்டு செய்ற வேலையை அக்கா பக்கத்து மெஷின்காரிகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே செய்வாங்க. ஒண்ணுகூட வீணாகாது. அந்தக் கைக்குக் கம்பெனி கொடுத்தது ஒன்பது வருஷமா ஒரே சாம்பல் கலர் சட்டை.

எங்க கம்பெனியில நீலச் சட்டை பெர்மனன்ட், சாம்பல் சட்டை கான்ட்ராக்ட். வேலை ஒண்ணுதான், மெஷின் ஒண்ணுதான், மூச்சு விடற காத்தும் ஒண்ணுதான். ஆனா நீலச் சட்டைக்கு சொந்தமா லாக்கர் உண்டு, பூட்டிக்கலாம். எங்க பையெல்லாம் கழிப்பறைப் பக்கத்துல இருக்கிற கம்பியில தொங்கும். எங்களைப் பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு முடிச்சு வெளிய அனுப்பி, பத்து நாள் கழிச்சுப் புதுசா சேர்ந்த மாதிரி கையெழுத்து வாங்கிக்குவாங்க. ஒன்பது வருஷமா அக்கா வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாப் பொறந்துக்கிட்டே இருந்தாங்க. இதைச் சொல்றப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

நான் பவளம். அருப்புக்கோட்டைப் பக்கம். எங்க வீட்டுக்காரர் பொன்னுசாமி லோடிங் வேலைக்குன்னு ஓசூருக்குக் கூட்டிட்டு வந்தார். வந்த நாலாவது வருஷம் முதுகெலும்புல டிஸ்க் நழுவிப் படுத்துட்டார். மக மோகனப்ரியா அப்ப ரெண்டாவது படிச்சா. எனக்கு மூக்கு மேல கோவம். சூப்பர்வைசர் திம்மப்பன் என்கிட்டப் பேசணும்னாலே முதல்ல அக்காகிட்ட வந்து இன்னைக்கு அவ எப்படி இருக்கான்னு கன்னடத்துல கேட்டுட்டுத்தான் வருவார். அக்கா அவருக்குக் கன்னடத்துல பதில் சொல்லி, போன்ல அவங்க அம்மாகிட்ட தெலுங்குல பேசி, என்கிட்டத் தமிழ்ல திரும்பி, சும்மா இரு பவளம்னு ஒரு வார்த்தை சொல்வாங்க. நானும் இருந்திருவேன். வேற யார் சொல்லியும் நான் இருந்ததில்லை.

அக்கா ராயக்கோட்டைக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர். பத்து வயசுலருந்து அடுத்தவங்க தோட்டத்துல தக்காளி பறிச்சவங்க. கங்கப்பன் அண்ணனைக் கட்டிக்கிட்டு, ரெண்டு பேரும் ஓசூருக்கு வந்து, பாகலூர் ரோட்டுப் பக்கம் வரிசையா ஒத்தை ரூமாக் கட்டி வாடகைக்கு விடற லைன் வீடு பிடிச்சாங்க. அண்ணன் கட்டட வேலை. வினோதான்னு ஒரே பொண்ணு, பதினொண்ணாவது படிச்சா. படிக்கிற பொண்ணோட ஸ்கூல் ஃபாரத்துல அம்மாவோட வேலைன்னு இருக்கிற இடத்துல கூலின்னு எழுத அக்காவுக்குப் பிடிக்கலை. கம்பெனி ஊழியர்னு எழுதணும். அதுக்கு நீலச் சட்டை வேணும். அவ்வளவுதான் அவங்க ஆசை. பெரிசா ஒண்ணுமில்லை.

போன வருஷம் தை மாசம் யூனியன்காரர் ஒருத்தர் சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரிஞ்சது. கம்பெனி ரெக்கார்டுல நாங்க பதினாலு பேரும் ஹவுஸ்கீப்பிங், அதாவது கூட்டிப் பெருக்குற ஆளுங்க. மெஷின்ல நாங்க இருக்கிறதை லேபர் ஆபீசர் ஒரு தடவை கண்ணால பார்த்துட்டாப் போதும், பெர்மனன்ட் கேட்கிறதுக்கு வழி பிறக்கும்னு அவர் சொன்னார். அக்கா முன்னால நின்னு மனு எழுத வச்சாங்க. பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அட்ரஸ் எழுதற இடம் வந்தப்பதான் வம்பு. லைன் வீட்டுக்காரங்களுக்கு ஏது அட்ரஸ்? வாடகை ஏத்தினா அடுத்த லைனுக்கு மூட்டையைக் கட்டுவோம். ஆதார்ல ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு ஊர். அக்கா பேனாவைப் பிடிச்சுக்கிட்டு யோசிச்சாங்க. நான்தான் வாயைத் தொறந்தேன். கம்பெனி அட்ரஸே போடுங்கக்கா, வீடு மாறினாலும் கம்பெனி மாறாதே, கேட்ல வாங்கிக்கலாம்னு சொன்னேன். எல்லாரும் சரின்னாங்க. யார் மேல மனுக் கொடுக்கிறோமோ அவங்க வீட்டுக்கே கடுதாசி வரச் சொன்ன புத்திசாலி நான்தான். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான்.

மனு போய் ஒரு மாசம் ஒரு தகவலும் இல்லை. அந்தச் சமயத்துல மாசக் கூட்டம் வந்தது. வருஷா வருஷம் நீலச் சட்டைக்காரங்களைக் குடும்பத்தோட டூர் கூட்டிட்டுப் போவாங்க. அவங்க முகம் கறுத்து, சிப்பி மாலையும் ஓலைத் தொப்பியுமா வந்து பத்து நாளைக்கு லைன்ல அதே பேச்சாப் பேசுவாங்க. நாங்க கேட்டுக்கிட்டே வயர் அமுக்குவோம். அன்னைக்குக் கூட்டத்துல அக்கா எழுந்திருச்சாங்க. எச்.ஆர். விஜயகுமார் சாரைப் பார்த்து நிதானமாச் சொன்னாங்க.

"எங்க புள்ளைங்களுக்கும் கண்ணு இருக்குதுங்க சார். ஒரே ஒரு தபா கடலைக் காட்டுங்க."

விஜயகுமார் சார் சிரிச்சுக்கிட்டே மேலிடத்துல பேசறேன்னார். ரெண்டு வாரத்துல நோட்டீஸ் போர்டுல பேப்பர் ஒட்டினாங்க. வர்ற வியாழக்கிழமை புதுச்சேரி, குடும்பத்தோட, காலையில போய் ராத்திரி திரும்பறது, சாப்பாடு கம்பெனி பொறுப்பு. பதினாலு பேரோட பேரும் இருந்தது.

வேலை நாள்ல எதுக்கு டூர்னு நான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை கடற்கரையில கூட்டம் தாங்காதும்மான்னார் சார். எனக்கு என்னமோ இடிச்சது, ஆனா அக்கா முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கிட்டேன். ஒன்பது வருஷத்துல அவங்க வாய் தொறந்து கேட்டு ஒண்ணு கிடைச்சது அதுதான். சின்னதைக் கொடுத்தவங்க பெருசையும் கொடுப்பாங்க பாருன்னு லைன் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. வர மாட்டேன்னு சொன்ன ரெண்டு பேரையும் வீடு தேடிப் போய்ச் சம்மதிக்க வச்சது அக்காதான்.

விடியக்காலம் நாலு மணிக்குப் பஸ் கிளம்பிச்சு. பொன்னுசாமியால அவ்வளவு தூரம் உட்கார முடியாதுன்னு நானும் மோகனப்ரியாவும்தான் போனோம். கிருஷ்ணகிரி தாண்டி, ஊத்தங்கரை தாண்டி, சிங்காரப்பேட்டையில டீக்கு நிறுத்தினப்ப நல்லா விடிஞ்சிருச்சு. கங்கப்பன் அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கிட்டு வந்திருந்தார், பொத்தான் வயித்துக்கிட்ட முட்டிக்கிட்டு நின்னது. மாப்பிள்ளை எந்த ஊர்னு நாங்க கேலி பண்ணினோம். அவர் வெட்கப்பட்டு டீ கிளாஸோட பஸ்ஸுக்குப் பின்னால போயிட்டார்.

பத்து மணிக்குக் கடல் வந்திருச்சு. தென்னந்தோப்பைத் தாண்டி வெள்ளை மணல், அதுக்கு அந்தாண்ட எல்லாமே தண்ணி. அக்கா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாங்க, கோயிலுக்குள்ள போற மாதிரி. தண்ணி காலைத் தொட்டதும் பின்னால நகர்ந்தாங்க, அப்புறம் அவங்களே முன்னால போனாங்க. இவ்ளோ தண்ணிய வச்சிக்குனு நம்ம ஊர்ல குடத்துக்கு அடிச்சிக்கிறோமேன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அப்படியே சேலையோட உட்கார்ந்துட்டாங்க. வினோதா அம்மாவைப் பிடிச்சு இழுக்கிறா, அலை வந்து ரெண்டு பேரையும் உருட்டுது, அண்ணன் கரையில நின்னு கத்தறார். எனக்கு அன்னைக்குப் பொங்கிப் பொங்கி வந்தது சந்தோஷம். பொய் சொல்லலை, அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்.

அப்புறம் விளையாட்டு. மைக் பிடிச்ச ஒரு பையன் பாட்டுப் போட்டு எல்லாரையும் ஆட வச்சான். கயிறு இழுக்கிறதுல பொம்பளைங்க ஜெயிச்சோம். எலுமிச்சம்பழ ஸ்பூன் ஓட்டத்துல அக்காவுக்குத்தான் முதல் பரிசு, கை ஆடினாத்தானே பழம் விழும். அதுக்கப்புறம் குரூப் போட்டோன்னு சொல்லி எல்லாருக்கும் மஞ்சள் டீ-சர்ட் கொடுத்தாங்க. சேலைக்கு மேலயே மாட்டிக்கிட்டோம். வினோதாதான் முதுகுப் பக்கம் இங்கிலீஷ்ல இருந்ததைப் படிச்சா. ஹவுஸ்கீப்பிங் குடும்ப விழான்னு போட்டிருக்கும்மான்னா.

அக்கா விஜயகுமார் சாரைப் பார்த்தாங்க. அந்த டிபார்ட்மென்ட் கணக்குலதான் டூருக்கு அனுமதி வாங்க முடிஞ்சது, வெறும் அச்சடிச்ச எழுத்துதானேம்மா, சந்தோஷமான நாள்ல அதைப் போய்ப் பார்த்துக்கிட்டுன்னு அவர் வழவழன்னு சொன்னார். சார் பேச்சுல எண்ணெய் வழிஞ்சது. எந்தப் பேர்ல வந்தா என்ன, கடல் கடல்தானேன்னு அக்கா சொல்லிட்டு நடுவுல போய் நின்னாங்க. டீ-சர்ட்ல இருந்த அதே எழுத்தைப் போட்ட பேனரை அவங்க கையிலயே கொடுத்தாங்க. பதினாலு பேரும் பல்லைக் காட்டினோம். பலி ஆடு மாலையைத் தின்ன கதைதான்.

சாப்பிட்டு முடிச்சு மூணு மணிக்குக் கடைத்தெருவுக்கு விட்டாங்க. சங்கு, சிப்பிக் கண்ணாடி, ஓலைத் தொப்பி, அரிசியில பேர் எழுதிக் கொடுக்கிறவன்னு கண்ணைப் பறிச்சுச்சு. மோகனப்ரியா சிப்பி வளையலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா, வாங்கிக் கொடுத்தேன். அக்கா கடை கடையா ஏறி இறங்கி, கடைசியில சாவி மாட்டுற சின்னச் சங்கு ஒண்ணு எடுத்தாங்க. பேர் எழுதித் தருவோம்னு கடைக்காரர் சொன்னதும் முழுப் பேரையும் எழுதச் சொன்னாங்க. உங்க வீட்டுக் கதவையே பூட்டில்லாம சணல்லதானே கட்டியிருக்கு, சாவி எங்கக்கா இருக்குன்னு கேட்டேன். லாக்கருக்குன்னாங்க. கொஞ்சம் வெட்கத்தோடதான் சொன்னாங்க.

அந்தச் சங்குல எழுதின மை காயறதுக்குள்ள அக்கா போன் அடிச்சது. எங்க கேன்டீன்ல டீ போடற வெங்கடப்பன். அக்கா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் போனை என்கிட்ட நீட்டினாங்க. நீ கேட்டுச் சொல்லு, எனக்குச் சரியாக் கேக்கலைன்னாங்க. அவங்களுக்கு நல்லாத்தான் கேட்டிருந்தது.

வெங்கடப்பன் மறுபடி முதல்லருந்து சொன்னார். காலையில பதினோரு மணிக்கு லேபர் ஆபீசரம்மா வந்தாங்களாம். வர்ற தேதி போட்டு பத்து நாளைக்கு முன்னாலயே ரெண்டு பக்கத்துக்கும் கடுதாசி அனுப்பியிருக்காங்களாம். எங்க கடுதாசி கேட்ல இறங்கி நேரா ஆபீசுக்குள்ள போயிருக்கு. லைன்ல எங்க பதினாலு மெஷின்லயும் நீலச் சட்டை உட்கார்ந்திருக்கு. ஆபீசரம்மா மனுவைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேராக் கேட்டிருக்காங்க. முனிலட்சுமி இருக்காங்களான்னா, அவங்க ஹவுஸ்கீப்பிங் மேடம், இன்னைக்குக் கம்பெனி செலவுல கடற்கரைக்குப் போயிருக்காங்கன்னு பதில். பதினாலு தடவை அதே பதில்.

நான் அங்கேயே நடுத்தெருவுல ஆரம்பிச்சேன். யாரைத் திட்டணுமோ அவரை விட்டுட்டேன். விஜயகுமார் சார் எதிர்க்கடையில கூலிங்கிளாஸ் பார்த்துக்கிட்டு நின்னார், அவர்கிட்டப் போக எனக்குக் காலு வரலை. அக்காவைத்தான் திட்டினேன். கடல் வேணும்னு கேட்டது நீதானே, எல்லாரையும் வலிய இழுத்துட்டு வந்தது நீதானே, இப்ப திருப்தியான்னு கேட்டேன். அட்ரஸ் சொன்னவ நான்கிறது அப்ப எனக்கு ஞாபகமே வரலை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா கடைக்காரருக்குக் காசைக் கொடுத்துட்டுப் பஸ்ஸைப் பார்த்து நடந்தாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ல புள்ளைங்க இன்னும் பாட்டுப் போடச் சொல்லி அழுதுச்சுங்க.

ஆனா அக்கா விடலை. மறுநாளே கிருஷ்ணகிரிக்குப் போய் ஆபீசரம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொல்லியிருக்காங்க. அந்தம்மா நல்ல மனுஷி. பதினாலு பேரையும் நேர்ல விசாரிக்கிறேன்னு அடுத்த மாசம் தேதி கொடுத்தாங்க. அக்கா எங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்தாங்க. உள்ளதைச் சொன்னாப் போதும், வேலை தெரிஞ்ச கைய வச்சிக்குனு பயப்படக் கூடாதுன்னாங்க. என் வீட்டுல பொன்னுசாமிக்குப் பக்கத்துல உட்கார்ந்து சொன்னாங்க. கடைத்தெருவுல பேசினதை மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்லி அழுதேன். கண்டிப்பா வந்து சொல்றேன்கான்னு அவங்க கையைப் பிடிச்சேன்.

விசாரணைக்கு மூணு நாள் முன்னால விஜயகுமார் சார் எங்களைத் தனித்தனியா ரூமுக்குக் கூப்பிட்டார். மத்தவங்ககிட்ட என்ன சொன்னாரோ தெரியாது. என்கிட்ட அவர் மிரட்டவே இல்லை. உங்க வீட்டுக்காரருக்கு முதுகு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்காங்களாமேன்னு அக்கறையாக் கேட்டார். அது இ.எஸ்.ஐ. கார்டுலதானேம்மா, நீங்க வேலையில இருக்கிற வரைக்கும்தானேம்மா அந்தக் கார்டு செல்லும்னார். அவ்வளவுதான் சொன்னார். தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டார்.

கிருஷ்ணகிரி ஆபீசுல விசாரணைக்கு ஒவ்வொருத்தராத்தான் உள்ளே கூப்பிட்டாங்க. அக்கா காலையிலருந்து உள்ளேயே இருந்தாங்க, மனுக் கொடுத்தவங்க அவங்கதானே. வெளிய வந்தவங்க யாரும் யார் முகத்தையும் பார்க்கலை, நேரா மாடிப்படி இறங்கிப் போனாங்க. நான்தான் கடைசி. உள்ளே மேசை மேல எங்க போட்டோ பெரிசாக் கிடந்தது. மஞ்சள் டீ-சர்ட்ல, பின்னால கடலோட, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். விஜயகுமார் சார் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். ஆபீசரம்மா என்னைப் பார்த்துப் பொறுமையாக் கேட்டாங்க.

"பயப்படாம சொல்லுங்கம்மா. நீங்க கம்பெனியில என்ன வேலை செய்றீங்க?"

முதுகைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் முனகுற மனுஷன்தான் என் கண்ணு முன்னால நின்னார். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஹவுஸ்கீப்பிங் மேடம்."

அந்தம்மா பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மெஷின்ல உட்கார்ந்ததே இல்லையான்னு இன்னொரு தடவை கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. வாயாடி, கோவக்காரின்னு பேர் வாங்கினவளுக்கு அன்னைக்கு வந்த குரல் எனக்கே காதுல விழலை. நம்பினவங்களை நட்டாத்துல விட்டுட்டுப் பஸ் ஏறிட்டேன்.

மனு தள்ளுபடியாயிருச்சு. அக்காவோட பதினோரு மாசம் அந்த ஆவணியோட முடிஞ்சது. பத்து நாள் கழிச்சு வழக்கம்போல கேட்டுக்குப் போனப்ப, லிஸ்ட்ல பேர் இல்லைன்னு செக்யூரிட்டி சொல்லிட்டார். பொன்னுசாமிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு எழுந்து நடக்கிறார். எங்களுக்கு மெஷினும் போச்சு. விசாரணையில சொன்னபடியே இருக்கட்டும்னு பதிமூணு பேர் கையிலயும் துடைப்பத்தைக் கொடுத்துட்டாங்க. முனிலட்சுமி அக்கா உட்கார்ந்த மெஷினுக்குக் கீழே விழற வயர்த் துண்டைத் தினம் நான்தான் கூட்டி அள்றேன். நல்லா வேணும் எனக்கு.

அக்கா ஓசூரைக் காலி பண்ணிட்டு ஊரோட போயிட்டாங்க. ராயக்கோட்டை மண்டியில தக்காளி பிரிக்கிற வேலைன்னு வெங்கடப்பன்தான் சொன்னார். வினோதா ஸ்கூல் மாறிட்டாளாம். நாலு மாசம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் போன ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போனேன். அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்னுதான் போனேன்.

மண்டியில கூடை கூடையாக் கொட்டிக் கிடந்தது. அக்கா நடுவுல குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் ஒரு சாக்கை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாங்க. உங்க ஊட்டுக்காரு நடக்கிறாரான்னு கேட்டாங்க. மோகனப்ரியா எத்தனாவதுன்னு கேட்டாங்க. என் பையை வாங்கி நல்ல பழமாப் பார்த்து நிரப்பினாங்க. அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கு, பேசிக்கிட்டே பிரிக்குது, ஒண்ணுகூட நசுங்கலை.

எனக்குத் தாங்கலை. திட்டுங்கக்கா, எல்லாரும் மாத்திச் சொல்லிட்டாங்க, நான் ஒருத்தி சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு நினைச்சுட்டேன்கான்னு சொன்னேன். அக்கா பழத்தைப் பிரிச்சுக்கிட்டே நிமிராமச் சொன்னாங்க.

"பன்னெண்டு பேரு முடிஞ்சதும் அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க பவளம். இன்னும் ஒருத்தர் பாக்கி, அவங்க ஒருத்தர் உங்க பேச்சை ஒத்துக்குனாலும் போதும், நான் மறுபடி லைனுக்கு வந்து பாக்கிறதுக்கு எழுதிடுவேன்னு. கூப்பிடுங்கம்மா, அவ சொல்லுவான்னேன். அவ கோவக்காரி, பொய் சொல்ல வராது அவளுக்குன்னேன்."

பையை என் பக்கம் தள்ளி வச்சுட்டு, ஓசூர் பஸ் கிளம்புற நேரம், போய் ஏறுன்னு சொல்லிட்டு அடுத்த கூடையைக் கவிழ்த்தாங்க.